நாற்பத்தெட்டு வயது அக்காவுடன் சென்னைக்கு

2005 மே மாதத் தொடக்கம். காலை ஏழேகாலுக்கு அனுமந்தன்பட்டியில் நானும் என் அக்கா அந்தோணியம்மாளும் பஸ் ஏறினோம். ஆளுக்குப் பதினோரு ரூபாய். ரயில் ஏறுவதற்காக அல்ல, ரயில் டிக்கெட் எடுப்பதற்காக. எங்கள் பக்கத்தில் அதுவே ஒரு பயணம்தான்.

அக்காவின் ஒரே மகள் ஸ்டெல்லா சென்னையில் கன்னியர் மடத்தில் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. அந்த மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தர வார்த்தைப்பாடு. இனி வீடு திரும்புவதில்லை என்று பீடத்தின் முன் நின்று சொல்லும் நாள். அதைப் பார்ப்பதற்காக அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக ரயில் ஏறப்போகிறாள்.

அக்காவுக்கு அறுபத்தாறு வயது. எனக்கு அறுபத்திரண்டு. அறுபது தாண்டியவர்களுக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு முப்பது கழிவு உண்டு. சென்னை வரைக்கும் பகல் வண்டியில் உட்கார்ந்து போக, ஏறத்தாழ நாற்பது ரூபாய் மிச்சமாகும். நாற்பது ரூபாய்க்கா இத்தனை ஆத்திரம் என்று கேட்பவர்கள், திராட்சைப் பந்தலுக்கு அடியில் கையைத் தூக்கியபடி ஒரு பகல் முழுக்க நின்று, குலைகளில் நெருக்கமாக இருக்கும் பிஞ்சுகளைக் கழித்துப் பார்க்கட்டும். அதற்கு அக்காவுக்குக் கிடைக்கும் கூலி ஐம்பது ரூபாய்.

எட்டரைக்கு முன்பதிவுக் கவுண்டரை அடைந்தோம். எந்த ஊர்க் கவுண்டர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் என் கோபம் ஒரு ஆளோடு முடிந்துவிடும். வரிசையில் இருபது பேர். ஜன்னலுக்கு நாங்கள் வந்தபோது மணி பத்து. படிவத்தை நீட்டினேன். உள்ளே இருந்தவர் என் ஓய்வூதியப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அக்காவிடம் வாக்காளர் அட்டையைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் அதையே பார்த்தார்.

"ஏம்மா, இதுல தொண்ணூத்தஞ்சுல முப்பத்தெட்டுன்னு போட்டிருக்கு. இப்ப நாப்பத்தெட்டு. தங்கச்சிக்கு அறுபத்திரெண்டு, அக்காளுக்கு நாப்பத்தெட்டா?"

அவர் அதை எனக்கு மட்டும் கேட்கும்படிச் சொல்லியிருக்கலாம். வரிசை முழுவதற்கும் கேட்கும்படிச் சொன்னார். வரிசை சிரித்தது. அக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு ஒதுங்கினாள்.

"அட்டை எழுத வந்தவுக என்கிட்ட வயசே கேக்கல சார். அவுகளா எழுதிக்கிட்டுப் போனாக" என்றாள். குரல் ஜன்னல்வரை எட்டவில்லை.

"முழு டிக்கெட் எடுத்துக்குங்க. இல்லைன்னா தள்ளுங்க."

சுவரில் அவர்களே ஒட்டியிருந்த அறிவிப்பை அப்போதுதான் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் பாடம் வாசித்த குரலில் அதை வாசித்தேன். வயதுச் சான்று பயணத்தின்போது கையில் இருக்க வேண்டும். டிக்கெட் வாங்கும்போது காட்ட வேண்டியதில்லை. இரண்டாவது முறையும் வாசித்தேன். சிரித்த வரிசை அடங்கியது. அவர் தட்டச்சுப் பலகையைத் தட்டினார். இரண்டு டிக்கெட்டுகளும் கழிவுடன் வந்தன. "ரயில்ல மாட்டுவீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியதும் அக்கா தன் டிக்கெட்டை என் மடியில் வைத்தாள். பிறகு, "நீ மட்டும் போயிட்டு வா. அத்தன சனத்துக்கு நடுவுல பொய்க்காரின்னு எறக்கி விட்டாகன்னா என்னால தாங்க முடியாது" என்றாள்.

மகளின் வார்த்தைப்பாட்டையே வேண்டாம் என்று சொல்லவைத்துவிட்டது ஒரு ஜன்னல்.

மறுநாளே வயதுச் சான்றுக்கு அலைய ஆரம்பித்தோம். ஒரு அலுவலகத்தில் பிறப்புப் பதிவு இல்லை என்றார்கள். இன்னொன்றில் பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள். அக்கா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. என்னைப் படிக்க அனுப்புவதற்காக அவள் வேலைக்குப் போனவள். "படிக்காதவுகளுக்கு வயசே ஏறாதா சார்?" என்று கேட்டேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள்.

கடைசியில் பங்குச் சாமியார்தான் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். 1939 பக்கத்தில் அக்காவின் பெயர் இருந்தது. நகல் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். "கோயில் முத்திரைய ரயில்காரங்க ஏத்துக்குவாங்களான்னு தெரியல டீச்சர்" என்றும் சொன்னார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு, அக்காவை நான் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

முந்தின நாளே மதுரைக்குப் போய், உடன் வேலை பார்த்த தோழி வீட்டில் தங்கினோம். காலை ஆறே முக்காலுக்கு வண்டி புறப்பட்டது. ஜன்னலோர இருக்கை. சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்கள் ஓடின, சிறுமலை வந்தது. முதல் ரயில் பயணத்தில் அக்கா இதில் எதையும் பார்க்கவில்லை. பெட்டியின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்தத் தாள்.

திண்டுக்கல் தாண்டி டிக்கெட் பரிசோதகர் வந்தார். அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். தாளை நீட்டினாள்.

"என்னம்மா இது?"

"வயசுக்கு சார். கோயில்ல எழுதிக் குடுத்தாக."

அவர் தாளைத் தொடவேயில்லை. "உங்க முகத்தப் பாத்தாலே தெரியுதே. உக்காருங்கம்மா" என்று பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

"நல்ல மனுசன்" என்றாள் அக்கா. அதற்குப் பிறகுதான் வெளியே பார்த்தாள்.

நல்ல மனிதர்தான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. அதே முகம்தானே கவுண்டர் ஜன்னலிலும் நின்றது? நல்ல மனிதர் வந்தால் அறுபத்தாறு, இல்லாவிட்டால் நாற்பத்தெட்டு என்றால் அது என்ன சட்டம்? மூன்று வாரமாக அவள் தூங்காத தூக்கத்துக்கு யாரைப் போய்க் கேட்பது?

ஸ்டெல்லாவின் வார்த்தைப்பாடு மறுநாள் காலை நடந்தது. பெயர் சொல்லி அழைத்தபோது, "இதோ வருகிறேன்" என்றாள் அவள். முன்வரிசையில் இருந்த அக்கா அழவில்லை. மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள்கிழமை, திரும்பும் டிக்கெட்டுக்காகச் சென்னையில் மறுபடி ஒரு வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர், கையில் படிவத்துடன் நின்றார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். அக்கா அவர் தோளைத் தொட்டாள்.

"அய்யா, ஒங்களுக்கு என்ன வயசாகுது?"

"எழுபதும்மா."

"கழிவு எழுதியிருக்கீகளா?"

"அதெல்லாம் நமக்குத் தருவாங்களா?"

"தரணும். கேக்காம தரமாட்டாக. சத்தமாக் கேளுங்க. நான் இங்கனதான் நிக்கிறேன்."

பெரியவர் என் பேனாவை வாங்கிப் படிவத்தைத் திருத்தினார். அவர் முறை வந்தபோது அக்காவும் கூடவே ஜன்னலுக்குப் போனாள்.