வலது காதுப் பாட்டு

எங்கள் அத்தையின் வாக்மேனில் பாட்டு ஒரு பக்கம்தான் கேட்கும். கேட்கிற பக்கம் அத்தையின் இடது காதில் இருக்கும். கேட்காத பக்கத்தை என் வலது காதில் செருகி, "கேளு கண்ணு" என்பாள். நான் அவள் தலையாட்டுவதைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பேன்.

குவைத்திலிருந்து லீவில் வந்த மாமா கொடுத்த வாக்மேன் அது. அப்பாவின் தங்கையான அத்தை அப்போது குன்னூருக்குக் கீழே ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தாள். தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்கள். அப்பா கிளார்க்காக இருந்த ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடினால் பெரிது. எதைக் கேட்டாலும் "இலைக்கு விலை வரட்டும்" என்பார். கூரைத் தகரம், என் ஸ்வெட்டர், அத்தையின் கல்யாணம் எல்லாமே அந்த ஒரே விலைக்காகக் காத்திருந்தன.

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் படிக்கட்டில் பாதி தூரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. அலமாரி அளவுதான். அத்தை தனியாகப் போகக் கூடாது என்பதால் அம்மா என்னையும் அனுப்பினாள். கடைக்காரர் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், அத்தையைவிட நாலைந்து வயது மூத்தவர். ஹெட்போன் பின்னைச் செருகித் திருகிப் பார்த்தார். நான்கு ஸ்குரூவைக் கழற்றி, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையைத் திருப்பினார்.

"பின் செருகற ஜாக்குல ஈயம் விட்டுப்போச்சுங்க" என்றார்.

சூட்டுக்கோலை வைத்ததும் சின்னதாய்ப் புகை எழுந்தது. ஒரு சொட்டு ஈயம் வெள்ளியாய் உருகி உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக என் காதிலும் பாட்டு வந்தது. வயலின் முழுக்க என் பக்கம் இருந்திருக்கிறது! இத்தனை நாள் அது இல்லாமலே பாட்டு கேட்டிருக்கிறாள் இந்த அத்தை.

பத்தே நாளில் வயலின் போய்விட்டது. மறுபடி படியேறினோம். அப்புறம் இன்னொரு தடவை. கடையில் அத்தை கேள்வியை வாக்மேனைப் பார்த்துக் கேட்பாள். அவர் பதிலை என்னைப் பார்த்துச் சொல்வார். கோயம்புத்தூரில் வெயிலா, இங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா என்பதையெல்லாம் எனக்கு எதற்குச் சொல்கிறார் என்று இருக்கும். திரும்பும்போது அத்தை எனக்கு பேக்கரியில் வர்க்கி வாங்கித் தருவாள். அவள் ஒன்றுகூடத் தின்னமாட்டாள்.

ஒரு மத்தியானம் குளியலறைக் கதவிடுக்கில் பார்த்தேன். அத்தை ஹேர்பின்னை ஜாக்குக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருந்தாள். பாவம், தானே சரிசெய்யப் பார்க்கிறாள், தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் என் காதில் பாட்டு இல்லை.

நான்காம் தடவை பலகையைத் திருப்பிய கடைக்காரர் புருவத்தைச் சுருக்கினார். "ஆரோ நெம்புன மாதிரி இருக்குதுங்களே."

எனக்குத் தெரிந்த விஷயமாயிற்றே. "அத்தைதானுங்க. ஹேர்பின் வெச்சு ரிப்பேர் பண்ணிப் பாத்துச்சு. ஒவ்வொரு வாட்டியும் அதுதான் கெடுக்குது போல."

அத்தை என் கையைக் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் சிவந்திருந்தது. அவர் சிரிக்கவில்லை. சூட்டுக்கோலை மெதுவாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு, முதல்முறையாக நேரே அத்தையைப் பார்த்தார்.

"ஏனுங்க... இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா..."

பார்வையை இறக்கிக்கொண்டார். பிறகு பலகையிடமே பேசினார். "அடுத்த வாரம் கடையக் காலி பண்றனுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில மிசின் பாக்கற வேலை. வர்றேன்னு சொல்லிப்போட்டேன். ஊட்டுல தங்கச்சி ரெண்டு பேரு இருக்காங்க. இலைக்கே விலை இல்லாதப்ப இங்க ஆருங்க ரேடியோ தூக்கிட்டு வர்றாங்க?"

"செரிங்க" என்றாள் அத்தை.

அன்றைக்கு அவர் ஈயத்தோடு விடவில்லை. பழைய ஜாக்கையே பிடுங்கிவிட்டுப் புதிது போட்டார். இரண்டு டியூப் பசையைக் கலந்து அதைச் சுற்றிப் பூசி, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்திருந்தார். வெகுநேரம் ஆயிற்று. நான்கு ஸ்குரூவையும் முடுக்கிய பிறகும் மேஜையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"இனி இது போகாதுங்க" என்று நீட்டினார். அத்தை வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் ஹெட்போனை முழுதாக என் தலையில் மாட்டிவிட்டாள். இரண்டு காதிலும் பாட்டு. எங்கள் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பிலேயே என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கி, தேயிலைக்கு நடுவே நடக்க ஆரம்பித்தாள். சாரல் விழுந்தது. என்னை ஒரு துளி நனையவிடாதவள் குடையை விரிக்கவே இல்லை. வழியில் இரண்டு முறை நின்றாள்.

"காலு வலிக்குதா அத்தை?"

"ஆமாங்கண்ணு. வலிக்குது."

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எந்தக் கால், எங்கே வலி என்று ஒன்றும் கேட்காமல் நீலகிரித் தைலத்தை எடுத்துவந்து கீழே உட்கார்ந்து, அத்தையின் இரண்டு பாதங்களையும் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தைல நெடி ஏறிவிட்டது என்று நான் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவைத்தேன்.