திறப்பு என் கையில் இருந்தது

துறைமுகப் பக்கம் ஒரு வீட்டு வளவில் இரண்டு பழைய பெற்றோல் ஜீப்புகள் விற்பனைக்கு நின்றன. ஒன்று ஆறு சிலிண்டர், மற்றது எட்டு. நிலாவெளியில் படகுகளை ட்ரெயிலரில் வைத்து இழுக்க எனக்கு ஒன்று தேவைப்பட்டது.

கூட வந்த மெக்கானிக், "ஆறு போதும். எட்டு பெற்றோலாய்க் குடிக்கும்" என்றார். எனக்கோ எட்டில்தான் ஆசை.

கணவர் இறந்த பிறகு அதை யாரும் வெளியில் எடுக்கவில்லை என்றார் விற்கும் அக்கா. "இடைக்கிடை நான்தான் ஸ்ராட் பண்ணி வைப்பன், தம்பி."

எட்டைக் கடற்கரை வீதியில் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினேன். திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்த பிறகும் எஞ்சின் நிற்கவில்லை. குலுங்கிக் குலுங்கி ஓடிக்கொண்டே இருந்தது.

குசினியிலிருந்து அக்கா ஈரக் கையோடு வந்தார். ஆசனத்தில் இருந்த என்னை அவர் பார்க்கவேயில்லை. பொனற்றில் கையை வைத்து, மெதுவாக, "ஓடினது காணும், இறங்குங்கோ. சாப்பாடு போட்டிட்டன்" என்றார்.

எஞ்சின் நின்றது.

பிறகு என் பக்கம் திரும்பி, "எதை எடுக்கிறீங்கள், தம்பி?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"உள்ளுக்குக் கரி பிடிச்சா சூட்டில அப்பிடித்தான் தானா ஓடும்" என்று திரும்பி வரும்போது மெக்கானிக் சொன்னார். ஓம், அப்படித்தான் இருக்கும்.

ஆறு சிலிண்டரையே வாங்கினேன். கேட்பவர்களுக்குப் பெற்றோல் செலவைக் காரணம் சொல்கிறேன். ஆனால் எட்டை வாங்கி, நிலாவெளியில் ஒருநாள் அது நிற்காமல் ஓடியிருந்தால், நான் சொல்லி அந்த மனிசன் இறங்கியிருக்கமாட்டார்.