காத்தவராயன் கையெழுத்து

வில்லியனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் பொறியியல் கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட் என்றால், டவுனில் ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கி, தங்க எழுத்தில் பைண்டிங் போட்டு நீட்டுவதுதான். வாத்தியார்கள் நாங்களும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவோம். ஜெயப்பிரியா மேடம் மட்டும் போடவில்லை. கரையாம்புத்தூர் கரும்பு விவசாயி மகள். யாருக்கும் பயப்பட மாட்டார்.

"யாராவது ஒருத்தருக்கு உதவுற மாதிரி செய்யுங்கடா. அவரு கையெழுத்து போட்டாதான் நான் போடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

அவருடைய மாணவன் நவீன்குமாரும் மூன்று நண்பர்களும் மடுகரையில் காத்தவராயன் என்ற விவசாயியின் கரும்புக் கொல்லையில் ஒரு கருவியை நட்டார்கள். மண்ணில் ஈரம் குறைந்தால் அது அவருக்குப் போன் அடிக்க வேண்டும். அதுவோ அடைமழையில் அடித்தது.

"இன்னாப்பா, கொட்ற மழையில தண்ணி பாய்ச்ச சொல்லுது?" என்று திட்டி அனுப்பினார். பையன்கள் கழற்றி, மாற்றி, ஐந்து தடவை போனார்கள்.

மார்க் போடும் கடைசி நாள், வாத்தியார்கள் எங்களை அறைக்குக் கூப்பிட்டு, முதல்வர் மேடத்திடம் கத்தினார்: "ஓடாத புராஜெக்டுக்கு எப்படிம்மா மார்க் போடுவீங்க? மத்ததெல்லாம் ஓடுதே!"

மேடம் ஒரு தாளை மேசையில் வைத்தார். 'மிஷினு இன்னும் சரியில்ல. நாலு பேரும் அடுத்த வாரமும் வரணும்' என்று எழுதி, காத்தவராயன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"ஓடுற புராஜெக்டுல ஒண்ணே ஒண்ண, கொண்டுவந்தவனையே கழட்டி மாட்டச் சொல்லுங்க சார். அப்புறம் மார்க் பேசலாம்."

முதல்வர் என்னைப் பார்த்தார். அவர் மேசையில் இருந்த தங்க எழுத்து அடுக்கில் ஒன்பது நான் கையெழுத்துப் போட்டவை.