பலகையில் எழுதிய கிரகணம்

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் கணவர் வாத்தியார். தினமும் காலையில் பள்ளி வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டி நான்கு விஷயம் எழுதுவார்: ஒரு செய்தி, பழைய காலத்தில் நடந்த ஒன்று, ஒரு புதுச் சொல்லும் அர்த்தமும், கடைசியில் வானத்தைப் பற்றி ஒரு வரி. சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள்கூட நின்று, படிக்கத் தெரிந்த யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அப்போது எனக்கு ஏழு மாதம், தலைப்பிள்ளை. ஓர் அமாவாசையன்று பலகையில், "இன்று காலை பத்தரை மணிக்குச் சூரிய கிரகணம்" என்று எழுதியிருந்தார். கிரகண நேரத்தில் பிள்ளைத்தாய்ச்சி வெளியே வரக்கூடாது, அரிவாள்மணையைத் தொடக்கூடாது, தொட்டால் பிள்ளைக்கு உதடு பிளந்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அவர் இதைக் கேட்டால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. பத்து மணிக்கே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பக்கத்து வீட்டம்மாள் வந்து கதவைத் தட்டினாள்.

"ஏனம்மிணி, பஞ்சாங்கத்துல நாலு மணின்னு பூசாரி சொன்னாரு. நீ இப்பவே சாத்தீட்டு உக்காந்திருக்கற?"

"எங்க ஊட்டுக்காரரு பலகைல எழுதியிருக்காருங்க. அவரு தப்பா எழுத மாட்டாருங்க" என்றேன் வெடுக்கென்று. அவள் போய்விட்டாள்.

அன்று காலை முழுக்க மேகமூட்டம். கிரகணத்தை மேகம் மறைத்துவிட்டது என்று அவரும் நினைத்திருக்கிறார். ஒரு மணி வரை பட்டினி கிடந்துவிட்டு, கிரகணம் விட்டிருக்கும் என்று குளித்துச் சாப்பிட்டேன். பிற்பகலில் வெயில் அடித்தது. ராத்திரிக் குழம்புக்காகப் புழக்கடையில் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

வெயில் மங்கியது. நிமிர்ந்தால் மேகம் இல்லை. முருங்கை இலைகளின் வழியாகச் சுவரில் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் நகத்துண்டு மாதிரி வளைந்திருந்தன. கிரகணம் இப்போதுதான் பிடித்திருக்கிறது. அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினேன். அதற்குள் நான்கு காய் நறுக்கி முடித்திருந்தேன்.

அவர் வந்ததும் அழுதுகொண்டே சொன்னேன். "கெரகணம் ஒண்ணும் பண்ணாது. வெறும் நெழலு" என்றார். ஆனாலும் இங்கிலீஷ் பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. அதில் போட்டிருந்த பத்தரை சீமை நேரம்; நமக்கு அது நாலு மணி. நம் நேரத்துக்கு மாற்றாமல் அப்படியே எழுதிவிட்டார்.

மறுநாள் பலகையில், "நேற்று கிரகண நேரத்தைத் தவறாக எழுதிவிட்டேன்" என்று முதல் வரியிலேயே போட்டார். ஊரே மெச்சியது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பலகையில் எழுதியதை அழித்துவிடலாம், நறுக்கின கத்தரிக்காயை யார் ஒட்டவைப்பது?

அதன்பின் இரண்டு மாதம் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன். பிள்ளை உதைத்தால் சந்தோஷப்பட முடியவில்லை. அவர் என்னைக் கண்டால் தைரியம் சொல்வார். ஆனால் பலகையில் அன்றிலிருந்து மூன்று விஷயம்தான். வானத்தைப் பற்றிய வரி நின்றுபோயிருந்தது. அதைக் கவனித்த நாளில்தான் எனக்கு இன்னும் பயம் அதிகமானது.

ஒரு நாள் விடிகாலையில் வலி கண்டு, பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குப் பிள்ளை பிறந்தது. குளிப்பாட்டித் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினார்கள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்தார். ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. துணியை விலக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தேன்.

பிள்ளையின் மேலுதட்டை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிக்கொண்டிருந்தார். உதடு முழுசாக இருந்தது.

"நாந்தான் சொன்னேனே, கெரகணம் ஒண்ணும் பண்ணாதுன்னு" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு தடவை தடவிப் பார்த்தார்.