ஒத்தி, பிடி

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. ஓடுவதில் குறையில்லை, நிற்பதில்தான் அதற்கு விருப்பமில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நான் பெடலை மிதிக்கும்போதெல்லாம் பக்கத்து சீட்டில் மனைவியும் தரையை ஓங்கி மிதிப்பாள். வண்டி யார் மிதித்து நின்றது என்று எங்களுக்குள் தீராத வழக்கு.

ஒரு மழை நாளில் ஜூஜுவாடியில் லாரி ஒன்றின் பின்புறத்தை முத்தமிடப் போய்த் தப்பினோம். இறங்கியவள் சொன்னாள்:

"ஏங்க, அத்திப்பள்ளியில எங்கண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நான் பஸ்ல போய்க்கறேன். நீங்களும் உங்க தேரும் தனியா வாங்க. வாசல்ல நிக்காம வீட்டுக்குள்ளயே வந்துடப் போறீங்க."

மச்சான் வீட்டில் தனியாகப் போய் இறங்குவதா? மானப் பிரச்சினை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்து மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தேன். கன்னடக்காரர். "நான் ஓசூர்க்காரன், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணு பாஷையும் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்று அவரிடம் பீற்றிக்கொண்டேன்.

டிஸ்க் மாட்டியாயிற்று. பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும். அவர் சக்கரத்தருகே படுத்தார். நான் பெடலில் கால் வைத்தேன்.

"ஒத்தி" என்றார். கன்னடத்தில் அழுத்துங்கள் என்று பொருள். எனக்கா தெரியாது? அழுத்தினேன். ஸ்குரூவைத் திறந்து மூடிவிட்டு, "பிடி" என்றார்.

திடீரென்று ஒருமைக்கு இறங்கிவிட்டாரே என்று சுருக்கென்றது. இருந்தாலும் பிடித்தேன். மறுபடி "ஒத்தி". பெடல் ஏற்கனவே தரையில்தான் கிடந்தது. "பிடி!" தொடை நடுங்கப் பிடித்தேன்.

"எண்ணெயே வரல்ல சார். புது சிலிண்டர் கெட்டுப்போச்சு போல. பழைய டிரம்மே மாட்டிடட்டா?" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில்.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்றேன்; மறுபடி அதே 'ஒத்தி', 'பிடி'. டீ கொண்டுவந்த மனைவி சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு பாதி டீ சிந்தும்வரை சிரித்தாள். அவள் கன்னட மண்ணில் வளர்ந்தவள்.

"அய்யோ, அவர் விடுங்கன்னு மரியாதையா கெஞ்சறார். கன்னடத்துல 'பிடி'ன்னா விடுங்கன்னு அர்த்தம்!"

தமிழில் எழுதினால் அவருடைய 'பிடி'யும் நம்முடைய 'பிடி'யும் ஒன்றுதான். பிரேக்குக்குத்தான் வித்தியாசம் தெரிகிறது. விட்டேன். அடுத்த 'ஒத்தி'க்கு எண்ணெய் அவர் சட்டைமேலேயே பீய்ச்சியடித்தது.

கிரகப்பிரவேசத்தன்று மனைவி சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். அதே ஜூஜுவாடியில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. மிதித்தேன். கார் ஆணியடித்தாற்போல் நின்றது. தேங்காய் மட்டும் நிற்காமல் போய்க் கண்ணாடியில் மோதியது. அவள் தரையை மிதிக்கவில்லை. கையால் என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பற்றியிருந்தாள்.

"பிடி" என்றேன், மூச்சு முட்ட.

"எந்த பாஷையில?" என்றாள், விடாமல்.