அதிபரின் மூக்குக்கண்ணாடி

எங்கள் பாடசாலைக்குக் கணினி வந்த அன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, அதிபரின் அறையில் குடியேற்றினோம். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம்தான் எங்கள் பாடசாலை. அதிபரின் மனைவி கணினிக்குக் கொசுவம் வைத்து ஓர் உறை தைத்துக் கொடுத்தார். ஈரம் ஏறிவிடுமாம், அதனால் அதன் பக்கத்தில் இரவும் பகலும் ஒரு மின்குமிழ் எரிந்தது. மழைக்கால இருட்டில் பிள்ளைகள் தடவித் தடவி எழுதிய வகுப்பறையில் மின்குமிழ் கிடையாது. பிள்ளைகளுக்கு ஈரம் ஏறினால் என்ன, அவர்கள் பழகியவர்கள்தானே!

ஒரு வருஷம் அந்தக் கணினி யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல், உறைக்குள் சமர்த்தாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வரலாம். தொட மட்டும் கூடாது. சாவி அதிபரின் இடுப்பில் இருந்தது.

பிறகு வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குறைபாடுள்ள பிள்ளைகளையும் எல்லாரோடும் ஒரே வகுப்பில் வைத்துப் படிப்பிக்க வேண்டும், அதற்குப் பெயர் உட்படுத்தல் கல்வி, ஆசிரியர்கள் கூடி, தொழில்நுட்பத்தைச் சேர்த்து, அப்படியொரு பாடம் தயாரிக்க வேண்டும், அதிகாரி நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தது. அதிபர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். அந்தக் கண்ணாடி போத்தல் அடி மாதிரித் தடிப்பாக இருக்கும். அது இல்லாவிட்டால் அவருக்குத் தன் கையெழுத்தே தெரியாது.

"கூடணும்னு போட்டிருக்கு. சரி, கூடுங்க," என்றார்.

கூடியது இரண்டு பேர். ஐந்தாம் தரத்துக்குப் படிப்பித்த நான் ஒருத்தி. விஞ்ஞானம் படிப்பித்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் மற்றவர். அவர் எங்கள் குளிருக்கு மூன்று சுவெட்டர் போடுவார். அதற்கு மேலே ஊருக்கு மாற்றம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தையும் போர்த்திக்கொண்டு திரிவார். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, அதே தோட்டத்துக்கு டீச்சராக வந்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். அந்த வாய் தேவைப்பட்ட நாளில் என்ன செய்தது என்று சொல்லத்தான் வருகிறேன்.

குறைபாடுள்ள பிள்ளையைத் தேடி நாங்கள் அலைய வேண்டியிருக்கவில்லை. என் வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள். பத்து வயது. கொழுந்து எடுக்கும் ஓர் அம்மாவின் மூத்த பிள்ளை. கண் பார்வை மிகவும் குறைவு. கண்ணாடி போட்டும் பிரயோசனமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கரும்பலகையில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்பாள், முகமெல்லாம் வெண்கட்டித் தூளாக இருக்கும். கேட்டதையெல்லாம் மனதில் வைத்திருப்பாள், வாசிக்க மட்டும் வராது. அடுத்த வருஷம் அவளை ஆறாம் தரத்தில் எடுப்பதா இல்லையா என்பதை, வரப்போகும் அதிகாரி எழுதும் குறிப்பைப் பார்த்துத் தீர்மானிப்பதாக அதிபர் சொல்லிவிட்டார்.

அவளுடைய அம்மா விடியற்காலையில் பெரட்டுக்கு, அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க, போகிற வழியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "பள்ளிக்கூடத்துல எடுக்கலைன்னா தம்பியப் பாத்துக்கிட்டு லயத்துலயே கெடக்கட்டுங்க டீச்சர். நா என்னா செய்ய?" என்று கேட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டதால் பதிலுக்கு நிற்கவில்லை.

அப்படித்தான் பாடம் தொடங்கியது. அதிபரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சாவி வாங்கினோம். மாஸ்டர் அங்கே இங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இஞ்ச வாங்கோ! எழுத்தை எவ்வளவு வேணுமெண்டாலும் பெரிசாக்கலாம், பாத்தனீங்களே?" என்று துள்ளினார். எந்த விசையை அமுக்கினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்று எழுதிய தாளொன்றைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒற்றை விரலால் தட்டத் தொடங்கினேன். மின்சாரம் தொழிற்சாலை வழியாக வருவது. அங்கே பெரிய மெஷின் ஓடத் தொடங்கினால் இங்கே திரை சுருங்கித் துடிக்கும். ஐந்து வரிப் பாடத்துக்கு ஒன்பது நாள். மலையில் மழை பெய்கிறது, ஓடையில் தண்ணீர் பெருகுகிறது என்று போகும். பெரிய காவியம் ஒன்றுமில்லை, ஆனாலும் என்னுடையது என்று எனக்கு ஒரு திமிர்.

பாடசாலை விட்ட பிறகு ஒரு நாள் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். எழுத்துகளை உள்ளங்கை அளவு பெரிதாக்கினார் மாஸ்டர். அவள் திரையில் மூக்கு படுமளவு கிட்டே போனாள். "மழை" என்ற சொல்லில் வெகுநேரம் நின்றாள்.

"டீச்சர், இந்த எழுத்துக்கு வாலு இருக்குங்க!" என்றாள்.

ஐந்து வருஷமாகப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை 'ழ'வின் வாலை அன்றைக்குத்தான் பார்த்தாள். மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சுவெட்டரை இழுத்துவிட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இரண்டு கிழமையில் அவள் ஐந்து வரிகளையும் வாசித்தாள். மனப்பாடமாக அல்ல, நாங்கள் வரிகளை இடம் மாற்றிப் போட்டாலும் வாசித்தாள். மெதுவாக, எழுத்தெழுத்தாக, ஆனால் வாசித்தாள்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள் ஒத்திகை. அதிபர் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்தார். அவள் திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வாசித்தாள். பின்னாலிருந்த பிள்ளைகளுக்கு அவளுடைய பின்னலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மூன்றாவது வரியில் மணி அடித்துவிட்டது.

அதிபர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார்.

"இது சரிப்படாது டீச்சர். அந்தப் புள்ள திரைய மறைக்குது, நேரத்தையும் திங்குது. நாளைக்கு அத வர வேணாம்னு சொல்லிருங்க. கணக்கப்பிள்ளையோட மக இருக்குல்ல, அது அந்தப் புள்ளையா இருந்து வாசிக்கட்டும். பேரு கேட்டா அந்தப் புள்ளையோட பேரையே சொல்லட்டும். பதிவேட்டுல ஒண்ணும் மாறாது."

வெளியாருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களுக்கு அது வழக்கம். பெரிய ஆட்கள் வரும் நாளில் மெதுவான பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டு, துணிவெளுப்பும் வாய்ச்சாலகமும் உள்ளவர்களை முன்வாங்கில் பரப்புவது எத்தனையோ வருஷமாக நடக்கிறது. உட்படுத்தல் பாடத்துக்கும் அதே மரியாதையைச் செய்தோம். எல்லாப் பிள்ளைகளையும் உட்படுத்துகிற பாடம் நன்றாக நடக்க வேண்டுமென்றால், யாருக்காக அதைச் செய்தோமோ அவள் வெளியே இருக்க வேண்டும். அடடா, என்ன ஒரு கெட்டித்தனம்!

மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "உது பிழை சேர். அந்தப் பிள்ளைக்காகத்தானே பாடம் செய்தனாங்கள்."

"மாஸ்டர், ஒங்க மாற்ற விண்ணப்பம் என் மேசையிலதான் இருக்கு. இன்னும் கையெழுத்து வைக்கல," என்றார் அதிபர், மிகவும் அன்பாக. மாஸ்டர் சுவெட்டருக்குள் சுருங்கிவிட்டார்.

எனக்கு அப்படி ஒரு விண்ணப்பமும் இல்லை. என் கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. பாடம் என்னுடையது, ஒன்பது நாள் ஒற்றை விரலால் தட்டியது, அது அதிகாரியின் முன்னால் திக்கித் திணறி மூன்றாவது வரியில் நின்றுபோகக் கூடாது என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் காரணம். வெட்கக்கேடு!

நானே போய் அவளிடம் சொன்னேன். "நாளைக்கு நீ வர வேணாம் கண்ணு. ஒனக்குப் பதிலா அந்தக் கணக்கப்பிள்ளை ஐயா மக வாசிக்கும். ஒன் பேருலதான் வாசிக்கும்."

"எம் பேருலயா டீச்சர்?" அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அப்ப அதுக்கு அந்த வாலு எழுத்தக் காட்டிக் குடுங்க டீச்சர். இல்லாட்டி அதுல நின்னுரும்."

மறுநாள் கணினியைக் கோயில் தேர் மாதிரி நான்கு பேர் பிடித்து வகுப்பறைக்கு எழுந்தருளச் செய்தோம். தொழிற்சாலையில் சொல்லி ஒரு மணி நேரம் பெரிய மெஷினை நிறுத்திவைத்திருந்தார் அதிபர். கணக்கப்பிள்ளையின் மகள் பாடத்தைத் தலைகீழாகச் சொல்லுவாள், அவ்வளவு தயார். அதிகாரியின் ஜீப் கேட்டுக்குள் வரும்போதுதான் அதிபருக்கு ஒரு யோசனை உதித்தது. கண் தெரியாத பிள்ளை என்றால் பார்க்க அப்படி இருக்க வேண்டாமா? தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தப் பிள்ளையின் முகத்தில் மாட்டினார். காதுக்குப் பின்னால் நூல் போட்டுக் கட்டினார். "என்னா நடந்தாலும் கழட்டக் கூடாது," என்றார்.

அதிகாரி நல்ல மனிதர். அதை இப்போதும் சொல்வேன். பிள்ளையின் பக்கத்தில் சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, "வாசிங்க மகள்," என்றார். அவள் ஐந்து வரியையும் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிகாரி சிரித்தார்.

"மனப்பாடம் போல இருக்கே. வேற ஒரு வரி போட்டுக் காட்டுங்க டீச்சர்."

மாஸ்டர் ஒரு வரியை அடித்து, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினார். நல்ல கண்ணுக்கு அந்தப் போத்தல் அடிக் கண்ணாடி வழியாக என்ன தெரியும்? பிள்ளை முன்னே போனாள், பின்னே வந்தாள், தலையைச் சாய்த்தாள். ஒரு கை கண்ணாடியிடம் போனது. அதிபர் தொண்டையைச் செருமினார். கை கீழே இறங்கியது. கண்ணாடிக்கு அடியிலிருந்து கண்ணீர் ஒழுகியது. எங்கள் பிள்ளைகள் சொன்ன சொல் கேட்பவர்கள்.

"போதும் போதும், பாவம், கஷ்டப்படுத்த வேணாம்," என்றார் அதிகாரி. பதிவேட்டை வாங்கிப் பெயரைப் பார்த்தார். இவ்வளவு பெரிய எழுத்தைக்கூட இந்தப் பிள்ளையால் வாசிக்க முடியவில்லை, சாதாரண வகுப்பு பொருத்தமில்லை என்று எழுதினார். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் எழுதினார், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "சேர், இந்தப் பிள்ளை அந்தப் பிள்ளை இல்லை." நான் சொல்ல வேண்டியிருந்தது இந்த ஆறே சொல். மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையைத் துணியால் துடைத்தேன். அதில் தூசு இருக்கவில்லை.

எழுந்து போகும்போது அதிகாரி என் பக்கம் திரும்பி, "உங்க பாடம் அருமை டீச்சர். பிள்ளைதான் பாவம், அது வேற விஷயம்," என்றார். நான் பல் தெரியச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

அடுத்த நாள் மாஸ்டரும் நானும் அதிபரிடம் போனோம். உண்மையை எழுதிக் கொடுப்போம் என்றோம். "தாராளமா எழுதுங்க. அதிகாரிய ஏமாத்துனோம்னு மூணு பேரும் கையெழுத்து வைப்போம்," என்று வெள்ளைத் தாளை எங்கள் பக்கம் தள்ளினார். தாள் மேசையில் கிடந்தது. பேனாவும் கிடந்தது. தேநீர் வந்தது, குடித்தோம். சில மாதத்தில் மாஸ்டருக்கு மாற்றம் கிடைத்தது. எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது, முன்மாதிரியான உட்படுத்தல் பாடத்துக்காக. அதிபர் அதைச் சட்டம் போட்டு, கணினிக்கு மேலே மாட்டினார், மின்குமிழ் வெளிச்சம் அதன்மேல் விழும்படியாக.

ஆனால் மாற்றமும் சான்றிதழும் வருவதற்கு முன்னால், அதிகாரி வந்துபோன கிழமையே, அவளுடைய அம்மாவிடம் விஷயத்தைச் சொல்ல லயத்துக்குப் போனேன். அம்மா மலையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. அவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். என் முகம் தெரிந்திருக்காது, நடை கேட்டே கண்டுபிடித்துவிட்டாள்.

"டீச்சரா? அது எம் பேருல நல்லா வாசிச்சுச்சா டீச்சர்? வாலு எழுத்துல நிக்கலையே?"

"நிக்கல கண்ணு. நல்லா வாசிச்சுச்சு."

அவள் தம்பியை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப நா ஆறாம் ஆண்டுக்கு எப்ப வரணும் டீச்சர்?"