ஜோசியம்மாவின் தகர வீடு

தகரத்தை வளைப்பதற்கு முன் அதைக் காதோரம் பிடித்து விரலால் சுண்டிப் பார்ப்பார் ஜோசியான். ஓசை பிடிக்காவிட்டால் மரக்காணம் பழைய இரும்புக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார். "இது மளையில பாடாது," என்பார். கடைக்காரர் பஞ்சநாதன் தலையில் அடித்துக்கொள்வார்.

ஐம்பதைத் தாண்டிய பெண் சிற்பி. கரீபியன் கடலில் இருக்கும் குவாதலூப் தீவுக்காரர். கொள்ளுத்தாத்தா வீரப்பன் புதுச்சேரியில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். அந்தப் பெயர் அங்கே 'வீரப்பின்' ஆகி, இவருக்குக் குடும்பப் பெயராக நிற்கிறது. ஆரோவில்லில் தங்கிக் கற்ற தமிழில் 'ழ' மட்டும் அவருக்கு வராது. மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் அவரை 'ஜோசியம்மா' ஆக்கிவிட்டதால், விவரம் தெரியாத சிலர் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பதுண்டு. அவரும் சளைக்காமல் பார்த்துவிட்டு, "ரொம்ப வேலை செஞ்ச கை," என்று சொல்லி அனுப்புவார்.

2005இல், உப்பள முதலாளி தெய்வசிகாமணி விட்டுக்கொடுத்த மேட்டில் அவருடைய சிற்பம் எழும்பியது. பார்த்தால் வீடுதான். ஒற்றை அறை, பலகைச் சுவர், தகரக் கூரை, இறவாரத்தில் பூ வடிவில் அறுத்த பலகை. நான்கு கருங்கற்களின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது.

"ஏம்மா, அஸ்திவாரமே போடாம வூடு கட்டுற?" என்று கேட்டார் உப்புச் சுமக்கும் வேலம்மாள்.

"எங்க தீவுல நிலம் மொதலாளிது. அவன் போன்னு சொன்னா, வீட்டையும் தூக்கிட்டுப் போவணும்."

வேலம்மாள் சிரிக்கவில்லை. சுனாமியில் வீட்டைக் கொடுத்துவிட்டு, அவரும் மாசமாயிருந்த மகள் மலர்கொடியும் தார் அட்டைக் கொட்டகையில் இருந்தார்கள்.

ஐப்பசி மழை அந்தக் கொட்டகையையும் சாய்த்தது. மறுநாள் காலை, சிற்பத்தைப் புதுச்சேரிக் கண்காட்சிக்கு ஏற்றிப்போக ஜோசியான் லாரியோடு வந்து இறங்கியபோது, அதற்குள்ளிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவர் ஒரு பக்கம் கரியாகியிருந்தது. பூப்பலகையில் ஈரப்புடவை தொங்கியது. உள்ளே மலர்கொடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

ஜோசியானுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"தோ, காலி பண்ணிடறோம்மா," என்று வேலம்மாள் பரபரவென்று பாத்திரங்களை அடுக்கினார்.

"எங்க போவீங்க?"

"எங்கியாவது..."

லாரிக்காரர் அரசப்பன் கயிற்றை அவிழ்த்தார். "ஏத்திடலாமாங்க? மறுபடியும் மழை வருது."

ஜோசியான் சுவரின் கரியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னிக்கு வேணாங்க," என்றார் கடைசியில். பிறகு, சேறு அப்பிய செருப்பை வெளியே கழற்றிவிட்டு, விருந்துக்கு வந்தவரைப் போலக் குனிந்து உள்ளே போனார்.